அத்தையின் பி.பி. மாத்திரை: உசிலம்பட்டிப் பக்கம் கண்டது

இந்த முறை ஊருக்குப் போனபோது பேங்க் வேலை, ரேஷன் கார்டில் பெயர் திருத்தம் எல்லாம் இழுத்தடிக்காமல் முடிந்தன. எழுத வேண்டியது உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் அத்தையின் பி.பி. மாத்திரை பற்றித்தான்.

அத்தைக்கு டாக்டர் எழுதியிருந்தது அம்லோடிபின் 2.5 மி.கி., காலையில் இரண்டு. வழக்கமாக வாங்கும் மெடிக்கலில் அது தீர்ந்துபோய், 5 மி.கி. அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். "அதே மாத்திரைதாம்மா, கம்பெனிதான் வேற." மருந்து அதேதான், பவர் இரண்டு மடங்கு. இனி ஒன்று போட்டால் போதும் என்று யாரும் சொல்லவில்லை. அத்தை பழக்கப்படி இரண்டையே போட்டிருக்கிறார். கணுக்கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, கட்டிலை விட்டு எழுந்தால் தலைசுற்றல். "வயசாச்சுல்லப்பா" என்றார் என்னிடம். வீட்டில் எல்லாரும் அதையே நம்பியிருந்தார்கள்.

கண்டுபிடித்தது மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் அக்கா. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சுகர், பி.பி. உள்ளவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். பி.பி. இறங்கியிருந்ததைப் பார்த்தவர், "என்ன மாத்திரைம்மா போடுறீங்க? அட்டையக் கொண்டாங்க" என்றார். டாக்டர் சீட்டையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "பவர் மாறியிருக்கும்மா. காலையில போடுறதுக்கு முந்தி ஆஸ்பத்திரியில காட்டிருங்க." மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் ஒன்றாகக் குறைத்துக் கொடுத்தார். வீக்கம் மெல்ல வடிந்தது. அந்த அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நான் இருக்கும் சிங்கப்பூரில் பாலிகிளினிக் மருந்துப் பையின் மேல் நோயாளி பெயர், மருந்தின் பெயர், பவர், எத்தனை போடவேண்டும் எல்லாம் அச்சடித்து ஒட்டியிருக்கும். நம்மூரிலோ பத்து மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டிக் கொடுக்கிறார்கள். வெட்டும்போது பவரும் காலாவதித் தேதியும் அச்சான துண்டு பல நேரம் கடையிலேயே தங்கிவிடுகிறது. அத்தை போன்றவர்கள் மாத்திரையை அடையாளம் வைத்திருப்பது நிறத்தையும் எண்ணிக்கையையும் கொண்டுதான். நிறம் மாறியதை அவரே கவனித்துக் கேட்டிருக்கிறார். அதற்குக் கிடைத்த பதில்தான் "கம்பெனி வேற".

சட்டம் இல்லாமலும் இல்லை. மருந்தின் பெயர், அளவு, போடும் முறை ஆகியவற்றை மருந்தாளுநரே நோயாளிக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்று இந்திய மருந்தியல் கவுன்சிலின் 2015 ஒழுங்குமுறைகள் சொல்கின்றன.

அதை அப்படியே செய்கிறவரையும் பார்த்தேன். அடுத்த மாதத்துக்கான மாத்திரையை மதுரை அண்ணா நகரில் ஒரு கடையில் வாங்கினோம். அந்தத் தம்பி சீட்டைப் படித்ததும் கவரில் சூரியன் வரைந்து பக்கத்தில் பெரிதாக '1' போட்டார். "முன்னாடி ரெண்டு போட்டீங்க, இப்ப ஒண்ணுதான். எங்க, நீங்க சொல்லுங்க பாட்டி?" அத்தை திருப்பிச் சொன்ன பிறகே காசை வாங்கினார். "பழைய 2.5 வீட்டுல மிச்சம் இருக்கா? இதோட ஒரே டப்பாவுல போட்டுறாதீங்க" என்றும் சொன்னார். கூட்டம் நின்ற நேரம்தான் அது. பின்னால் நின்றவர்கள்கூடத் தங்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.