உங்காரெத்தியும் மொந்தாலேயும்: ஃபாசிசத்தின் இரு கரைகள்

1925 ஏப்ரல் 21 அன்று இத்தாலியில் முசோலினியின் ஆட்சியை ஆதரித்து ஃபாசிச அறிவுஜீவிகளின் அறிக்கை வெளியானது. எழுதியவர் தத்துவவாதி ஜொவான்னி ஜென்தீலே. பத்தே நாளில், மே 1 அன்று, இன்னொரு தத்துவவாதியான பெனதெத்தோ குரோசேயின் மறுப்பறிக்கை வந்தது. முதலாவதில் கவிஞர் ஜுசெப்பே உங்காரெத்தி கையெழுத்திட்டார். இரண்டாவதில் இன்னொரு கவிஞர், எவுஜேனியோ மொந்தாலே. இருவருமே முதல் உலகப் போரில் களம் கண்டவர்கள். இந்த இரண்டு கையெழுத்துகளை வைத்தே இருவரின் கவிதைகளையும் எடைபோடுகிறவர்கள் உண்டு. அதைவிட, கவிதை எழுதப்பட்ட தேதியைப் பார்ப்பது நல்லது.

உங்காரெத்தியின் முதல் தொகுப்பு 1916இல் ஊதினே நகரில் 80 படிகள் மட்டுமே அச்சானது. ஆஸ்திரியாவுக்கு எதிரான கார்சோ போர்முனையில் சாதாரணச் சிப்பாயாக இருந்தபோது எழுதியவை. ஒவ்வொரு கவிதையோடும் இடமும் நாளும் இருக்கும். 1915 டிசம்பர் 23 என்று தேதியிட்ட கவிதையில், பல்லிளித்த வாயோடு நிலாவை நோக்கிக் கிடக்கும் தோழனின் பிணத்தருகே ஓர் இரவு முழுக்கக் கிடக்கிறான் சிப்பாய். அங்கிருந்தபடி அன்பு ததும்பும் கடிதங்கள் எழுதுகிறான். உயிர்மேல் இவ்வளவு பற்று தனக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்கிறான். இதில் போர்வெறி எங்கே இருக்கிறது? குழப்பம் 1923 பதிப்பால் வந்தது: அதற்கு முன்னுரை எழுதியவர் முசோலினி. அந்தப் பதிப்பிலிருந்து தொடங்கினால், ஃபாசிச இயக்கம் பிறக்கும் முன்பே எழுதிய பதுங்குகுழிக் கவிதைகள்மீதும் அந்த நிழல் விழுந்துவிடும்.

அதற்காக அவரை விடுவித்துவிட முடியாது. பிரேசிலில் பேராசிரியராக இருந்துவிட்டு 1942இல் திரும்பியவருக்கு, ஃபாசிச ஆட்சி நிறுவிய இத்தாலிய அகாதமியில் இடமும் ரோம் பல்கலைக்கழகத்தில் பதவியும் கிடைத்தன. முன்னுரை, கையெழுத்து, அகாதமி: இருபது ஆண்டுகளில் மூன்று முறை. அதை இளமைத் தடுமாற்றம் என்று சொல்வது நேர்மையல்ல.

மொந்தாலேயிடம் கணக்கு வேறு. முதல் நூலை 1925இல் வெளியிட்டவர் ஃபாசிச எதிர்ப்பாளர் பியேரோ கொபெத்தி. ஃபாசிசக் கட்சியில் சேராததால் 1938இல் ஃபுளோரன்ஸின் வியெஸ்ஸோ நூலக இயக்குநர் வேலை போனது. போர்க்காலக் கவிதைகள் 1943இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில்தான் அச்சேறின. ஆனால் இவரையும் தேதி பார்க்காமல் புகழ்கிறார்கள். 'நாங்கள் எதுவல்ல, எதை விரும்பவில்லை என்பதை மட்டுமே இன்று சொல்ல முடியும்' என்று முடியும் கவிதையை 1925 அறிக்கைக்கான பதிலாக வாசிப்பது வழக்கமாகிவிட்டது. எழுதியதோ 1923இல்.

ஆட்சியை நேருக்கு நேர் தொடும் மொந்தாலே வேண்டுமென்றால், ஹிட்லர் 1938 மே மாதம் ஃபுளோரன்ஸ் வந்ததைப் பற்றிய கவிதையை எடுங்கள். விளக்குகளைச் சுற்றிப் பைத்தியமாய்ச் சுழன்று விழுந்த வெள்ளை விட்டில்கள் தரையை மூடிக் கிடக்க, மிதித்தால் சர்க்கரைபோல் நொறுங்குகின்றன. ஒன்றுமறியாதவர் போலக் கடையை மூடிவிட்டுப் போன சாதாரண மனிதர்களும் அதில் தப்புவதில்லை. யாரும் இனிக் குற்றமற்றவரல்ல என்கிறார். ஆனால் இது நூலில் சேர்ந்தது 1956இல். ஆட்சி இருந்தபோது வாசகர் கையில் கிடைக்கவில்லை.

கவிதையாக மட்டும் கேட்டால் என் தேர்வு உங்காரெத்தியின் 1916 தொகுப்பு. அந்தக் காலத்து மனிதராகக் கேட்டால், மொந்தாலே.