மெத்திலேஷனா, மரபணு ஸ்கோரா?

மார்பகக் கட்டியை அறுவை செய்து எடுத்தாயிற்று, ரிப்போர்ட்டும் வந்தாயிற்று. அடுத்து மனதை அரிப்பது ஒரே கேள்விதான்: இது திரும்ப வருமா? கட்டியின் அளவு, கிரேடு, அக்குளில் எத்தனை நெறிக்கட்டிகளில் பரவியிருக்கிறது என்பதெல்லாம் ஓரளவுக்குப் பதில் சொல்லும். மீதியைச் சொல்ல இரண்டு வகைச் சோதனைகள் போட்டி போடுகின்றன. ஒன்று, கட்டிக்குள் எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்று ஆர்என்ஏவை அளந்து ஸ்கோர் போடும். மற்றது, எந்த மரபணு மெத்திலேஷனால் வாயடைத்துக் கிடக்கிறது என்று டிஎன்ஏவில் தேடும்.

மெத்தில் என்பது சின்ன வேதிக்குழு. மரபணுவின் தொடக்கப் பகுதியில் இருக்கும் சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்துகளில் போய் ஒட்டிக்கொள்ளும். எழுத்து மாறாது, ஆனால் மரபணு பேச்சிழந்துவிடும். கட்டி வளராமல் காவல் காக்கும் ஆர்ஏஎஸ்எஸ்எஃப்1ஏ மாதிரி மரபணுவே அடங்கிப்போனால் கேட்பதற்கு ஆளில்லை.

சாம்பிள் விஷயத்தில் என் ஓட்டு மெத்திலேஷனுக்குத்தான். ஃபார்மலினில் ஊறி, பாரஃபின் பிளாக்காக வருடக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் திசுவில் ஆர்என்ஏ துண்டுதுண்டாகிப்போகும். அந்தத் துண்டுகளை வைத்தே ஸ்கோர் போட வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்றாலும், டிஎன்ஏ அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ரத்தத்திலும் அது மிதக்கும். சிகிச்சைக்கு முன் எடுத்த சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) ஆர்ஏஎஸ்எஸ்எஃப்1ஏ, ஏபிசி மரபணுக்களின் மெத்திலேஷன் தென்பட்ட பெண்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருந்தது என்று 2003-லேயே ஓர் ஆய்வு வந்தது.

லேபுக்குள் நுழைந்தால் நிலைமை மாறுகிறது. டிஎன்ஏவோடு பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். மெத்தில் ஒட்டாத சைட்டோசின் யுராசில் என்ற வேறு எழுத்தாக மாறிவிடும், ஒட்டியது அப்படியே நிற்கும். படிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். அழகான உத்திதான், ஆனால் அதே பைசல்ஃபைட் டிஎன்ஏவையும் சிதைக்கும். அப்புறம், மரபணுவின் எந்த இடத்தை அளப்பது, எத்தனை சதவீதம் இருந்தால் பாசிட்டிவ் என்பதில் ஆய்வுக்கு ஆய்வு ஒரு கணக்கு. எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று எண்ணும் கேஐ-67 சாயச் சோதனைக்கும் இதே தலைவலி உண்டு. ஒரே ஸ்லைடை இரண்டு பேர் எண்ணினால் ஆளுக்கொரு சதவீதம் வரும்.

ஸ்கோர்கள் முந்துவது வேறோர் இடத்தில். 21 மரபணுக்களை வைத்து 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் (எண் கூடினால் ஆபத்தும் கூடுதல்) ஆன்கோடைப் டிஎக்ஸை டெய்லர்எக்ஸ் என்ற பெரிய சோதனை எடைபோட்டது. எடுத்துக்கொண்டது ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் (ஹார்மோனைப் பிடிக்கும் புரதம் கட்டியில் உண்டு), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2 புரதம் மிகுதியாக இல்லை), நெறிக்கட்டிக்குப் பரவாத நோய். ஸ்கோர் 11 முதல் 25 வரை இருந்த 6,700-க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும், மறு பிரிவுக்குக் கீமோவும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2018-இல் வந்த முடிவு: மொத்தத்தில் கீமோ கூடுதல் பலன் தரவில்லை. 50 வயதுக்குள் இருந்து ஸ்கோர் 16-ஐத் தொட்டவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. 70 மரபணுக்களைப் பார்க்கும் மம்மாபிரின்ட்டுக்கும் 2016-இல் மைண்டாக்ட் சோதனை அப்படி ஒரு பலத்தைக் கொடுத்தது.

மெத்திலேஷன் தரப்பில் இதற்கு ஓரளவு பக்கத்தில் வந்தது பிட்எக்ஸ்2 என்ற மரபணு. டமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் மருந்து எடுத்த, நெறிக்கட்டிக்கு நோய் பரவாத பெண்களில் இந்த மரபணுவில் மெத்திலேஷன் அதிகமாக இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. சரி, அதை வைத்துக் கீமோவை நிறுத்தலாமா? டெய்லர்எக்ஸ் அளவுக்கு ஒரு சோதனை அதற்கு நடக்கவில்லை. அதனால் ஹார்மோன் பாசிட்டிவ் நோயில் இன்றைக்கு நான் நம்புவது ஸ்கோரைத்தான்.

ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் ஹெர்2-வும் நெகட்டிவாக இருக்கும் டிரிபிள் நெகட்டிவ் நோயில் அந்த ஸ்கோருக்கு வேலையில்லை. அங்கே மெத்திலேஷனுக்குக் களம் காலி, டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்யும் பிஆர்சிஏ1 மரபணு அதன் பெரிய நம்பிக்கை. பிறவியிலேயே பிஆர்சிஏ பிழை உள்ளவர்களுக்குக் கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து நன்றாக வேலை செய்கிறது. மெத்திலேஷனால் பிஆர்சிஏ1 அடங்கினாலும் அப்படித்தானே இருக்கவேண்டும்? 2018-இல் டிஎன்டி சோதனையின் முடிவு வந்தது. உடலில் பரவிய நோய்க்கு, டோசிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்தைவிடக் கார்போபிளாட்டின் பிறவிப் பிழை உள்ளவர்களிடம் தெளிவாக முந்தியது, மெத்திலேஷன் உள்ளவர்களிடம் முந்தவில்லை. ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம், பிறவிப் பிழை அழியாது, மெத்தில் அழியும் என்பது. இடையில் கொடுத்த கீமோவைத் தாண்டிப் பிழைத்த செல்களில் மரபணு மறுபடி விழித்துக்கொண்டிருக்கலாம். அலமாரியில் பத்திரமாக இருக்கும் பிளாக் காட்டுவது, அறுவை நடந்த நாளில் இருந்த கட்டியை.