வில் செய்யப் பலகை வாங்குவோர் கவனத்திற்கு

வீட்டிலேயே ஒரு மரவில் செய்ய வேண்டும் என்ற ஆசையில், "வில்லுக்கென்றே தேர்ந்தெடுத்தது, நாரோட்டம் நேரானது, முழுதும் உலர்ந்தது" என்று விளம்பரம் செய்திருந்த ஒரு மர விற்பனையாளரிடம், படத்தை மட்டும் நம்பி ஹிக்கரிப் பலகை ஒன்றை வாங்கினேன். இரண்டு மாதம் சீவிச் செதுக்கிய அந்த வில் என் கையிலேயே முறிந்தது. முறிந்த துண்டுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது, அவர் சொன்னவற்றில் மரத்தின் பெயர் ஒன்றுதான் உண்மை என்று தெரிந்தது. ஹிக்கரி வில்லுக்குப் பேர்போன மரம் என்பதால், அந்தப் பெயரைக் கேட்டதும் மற்றவற்றை விசாரிக்காமல் விட்டுவிட்டேன். இதே வழியில் வேறு யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு, அதாவது இலக்கை நோக்கியிருக்கும் வெளிப்பக்கம், நீட்டி இழுக்கப்படுகிறது. நம்மை நோக்கியிருக்கும் உட்பக்கம் நெருக்கி அமுக்கப்படுகிறது. முதுகில் உள்ள நார்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடினால்தான் அந்த இழுப்பைத் தாங்கும். நார் சாய்ந்து ஓடிப் பலகையின் விளிம்பில் வெளியேறிவிட்டால், இழுப்பைச் சுமப்பது நார் அல்ல, நாருக்கும் நாருக்கும் இடையே உள்ள பிணைப்பு மட்டுமே. 10 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம் நார் சாய்ந்திருந்தால் வளைவைத் தாங்கும் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. 5 அங்குலத்துக்கு 1 அங்குலம் சாய்ந்திருந்தால் கிட்டத்தட்டப் பாதி போய்விடுகிறது. மேசைக் காலுக்கு இதனால் பெரிய கேடில்லை. தாங்கும் வலிமையின் எல்லைவரை ஒவ்வொரு முறையும் வளைக்கப்படும் வில்லுக்கு இதுவே உயிர்நிலை.

விற்பனையாளர் அனுப்பிய படங்கள் எல்லாம் பலகையின் அகன்ற பரப்பை மட்டுமே காட்டின. விளிம்புப் பக்கத்தைக் கேட்டபோது, பலகையே நூல் பிடித்தாற்போல் இருக்கிறதே என்றார். அறுத்த பலகையின் ஓரம் நேராக இருப்பது வாளின் வேலை. நார் நேராக ஓடுவது மரத்தின் குணம். இந்த வேறுபாட்டை அறியாதவர்களிடம்தான் இந்தப் பேச்சு செல்லும், அன்று நானும் அறியாதவனாகவே இருந்தேன். இரு முனைகளிலும் தடித்த சாயம் பூசப்பட்டிருந்தது. முனை வெடிக்காமல் இருக்க அப்படிப் பூசுவது வழக்கம்தான் என்றாலும், ஆண்டு வளையங்கள் எப்படிப் படுத்திருக்கின்றன என்பதை அது மறைத்துவிட்டது. வளையங்கள் நெருக்கமாக இருப்பதால் மரம் உறுதியானது என்றும் சொன்னார். யூ போன்ற ஊசியிலை மரங்களுக்கு அது பொருந்தும். ஹிக்கரி, ஆஷ், ஓக் போன்றவற்றில் ஒவ்வோர் ஆண்டும் முதலில் துளைகள் நிறைந்த அடுக்கும், பின்பு இறுகிய அடுக்கும் வளர்வதால், வளையங்கள் மிக நெருங்கினால் துளை அடுக்கே மிகுந்து மரம் இளகிப்போகிறது. குறையையே சிறப்பென்று சொல்லி விற்றிருக்கிறார்.

இழைப்புளி போட்ட முதல் நாளிலேயே, நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்த சிறு கணு ஒன்று வெளிப்பட்டது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அந்தக் கணு வில்லின் அகலத்துக்கு வெளியே விழும்படி கோட்டை நகர்த்தி வரைந்து தொடர்ந்தேன். நாணேற்றிய சில நாட்களில், நாணைக் கழற்றிய பின்னும் வளைவு நிமிராமல் தங்கியது. 60 சென்டிமீட்டர் வரை இழுத்த ஒரு மாலையில், நகத்தைச் சுண்டியது போன்ற மெல்லிய ஒலி ஒன்று கேட்டது; நான் நாணைத் தளர்த்துவதற்குள் மேற்பாதி முறிந்து என் காதோரம் பறந்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது.

முறையிட்டபோது, செதுக்கியதில்தான் பிழை என்றும், அறுத்த பலகையைத் திரும்ப வாங்குவதில்லை என்றும் பதில் வந்தது. என் செதுக்கலில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் முறிவு குறுக்கே விழவில்லை. முதுகில் தொடங்கி, நாரோட்டத்தின் வழியே சாய்வாகச் சென்று, பக்கவாட்டு விளிம்பில் வெளியேறியிருந்தது. பலகையில் மிஞ்சிய துண்டின் முனை நடுவில் உளியை வைத்துத் தட்டினேன். 5 சென்டிமீட்டர் அகலமுள்ள அத்துண்டு நேராகப் பிளக்காமல், 20 சென்டிமீட்டர் போவதற்குள் ஓரமாக வெளியேறிப் பிளந்தது. அதாவது 8க்கு 1 என்ற சாய்வு. வாங்கிய வாரத்திலேயே இறுகச் சுற்றி வைத்திருந்த இன்னொரு சிறு துண்டு 100 கிராம் இருந்தது. 100 டிகிரி செல்சியசைச் சற்றே தாண்டிய சூட்டில், எடை மேலும் குறையாத வரை உலர்த்தியபோது 86 கிராமில் நின்றது. ஈரப்பதம் 16 விழுக்காடு என்பது இதன் கணக்கு. வில்லுக்கு 8 முதல் 10 விழுக்காடு வரை இருப்பதே ஏற்றது. வளைவு நிமிராமல் போனதற்கும் இதுவே காரணம். இவற்றைப் படங்களோடு அனுப்பினேன், பதில் வரவில்லை.

ஆகவே, அகன்ற பரப்பு இரண்டு, விளிம்பு இரண்டு, புதிதாக அறுத்த முனை இரண்டு, இந்த ஆறையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பரப்பில் தெரியும் அலை அலையான வளையக் கோலத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். அதற்குள் நுண்ணிய கீறல்கள் போல ஓடும் துளைக்கோடுகளே நாரின் உண்மையான திசையைக் காட்டும். அவையும் தெளிவாக இல்லையென்றால் ஒரு சொட்டு மையை விட்டுப் பாருங்கள், அது நாரின் வழியே நீளும். எல்லாவற்றிலும் உறுதியான சோதனை, முனையில் ஒரு சிறு துண்டை அறுத்துப் பிளந்து பார்ப்பது. அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால், என் அனுபவத்தில், அந்தப் பலகையை விட்டுவிடுவதே நல்லது.

பிறகு நானே நேரில் போய், அடுக்கியிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, சாதாரண ரெட் ஓக் பலகை ஒன்றை எடுத்து வந்தேன். ஹிக்கரியோடு ஒப்பிட்டால் அது தாழ்ந்த மரம்தான். அதன் துளைக்கோடுகள் முனை முதல் முனை வரை விளிம்பைத் தொடாமல் ஓடுகின்றன. அந்த வில் இன்று 70 சென்டிமீட்டர் இழுப்பை ஒலி எழுப்பாமல் தாங்குகிறது.