பாட்டே தெரியாத இரண்டு நீதிபதிகள்: கவர் மிக்ஸைச் சோதிக்க ஸ்பேனும் யூலீனும்

சொந்தப் பாட்டை மிக்ஸ் செய்பவருக்கு இல்லாத ஒரு சிக்கல் கவர் பாட்டு மிக்ஸ் செய்பவருக்கு உண்டு. கேட்பவர்களுக்கு மூலப் பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். குரல் அமுங்கிக் கிடந்தாலும் வரிகளை அவர்களே மனதுக்குள் பாடி நிரப்பிக்கொள்வார்கள். மிக்ஸ் செய்பவரும் அப்படித்தான். "சூப்பர், நல்லா இருக்கு" என்று வரும் பதில்களில் பல, கேட்பவரின் நினைவில் ஓடும் மூலப் பாட்டுக்குப் போய்ச் சேர வேண்டியவை. அதனால் நண்பர்களுக்கு அனுப்பும் முன், பாட்டைப் பற்றி எதுவுமே தெரியாத இரண்டு கருவிகளிடம் மிக்ஸைக் கொடுத்துவிட வேண்டும். ஒன்று, எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று வரைந்து காட்டும் வாக்ஸெங்கோவின் ஸ்பேன். இன்னொன்று, சத்தத்தை அளக்கும் யூலீன் லவுட்னஸ் மீட்டர் 2. இரண்டுமே இலவசமாகக் கிடைக்கின்றன. விண்டோஸ், மேக் இரண்டிலும் ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் சேர்க்கும் பிளக்கின்களாக விஎஸ்டி, ஏயு, ஏஏஎக்ஸ் வடிவங்களில் இயங்குகின்றன. யூலீனுக்குக் கட்டணப் பதிப்பும் உண்டு, ஆனால் இந்த வேலைக்கு அது தேவைப்படாது.

முதலில் யூலீன். எல்லாத் தடங்களும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கில், உச்சங்களை அடக்கும் லிமிட்டருக்கும் பின்னால், கடைசி பிளக்கின்னாக இதைப் போட வேண்டும். ரீசெட் அழுத்திவிட்டு முதல் நொடியிலிருந்து கடைசி வரை பாட்டை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். பல்லவியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினால், முழுப் பாட்டின் சராசரிச் சத்தத்தைக் காட்ட வேண்டிய இன்டகிரேட்டட் எண் பல்லவியின் எண்ணாகிவிடும். பலர் தவறான எண்ணை நம்புவது இங்கேதான். ஓட்டி முடித்ததும் இன்டகிரேட்டட் எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு), ட்ரூ பீக் (டிஜிட்டல் ஒலியின் சாம்பிள் புள்ளிகளுக்கு இடையிலும் கணக்கிட்ட உச்சம்) ஆகிய இரண்டையும் குறித்துக்கொள்ளலாம். மூன்று நொடிச் சராசரியைக் காட்டும் ஷார்ட் டெர்ம் எண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது, கீழே வருகிறது.

ஸ்பாட்டிஃபை பாட்டுகளை இயல்பாக -14 எல்யூஎஃப்எஸ் அளவுக்குச் சரிசெய்து ஒலிக்கிறது. யூடியூப் அதைவிடச் சத்தமான பாட்டைக் குறைக்கும், சத்தம் குறைந்த பாட்டைக் கூட்டித் தராது. ஆகவே -8 எல்யூஎஃப்எஸ் வரை லிமிட்டரில் நசுக்கிய மிக்ஸிலிருந்து 6 டெசிபல் கழிந்துவிடும். நசுங்கல் மட்டும் மிஞ்சும். -19-இல் விட்ட மிக்ஸோ அடுத்து வரும் வீடியோவுக்குப் பக்கத்தில் 5 டெசிபல் தாழ்ந்து ஒலிக்கும். வீட்டில் பதிவு செய்த கவருக்கு -14 முதல் -11 வரை எங்கு நின்றாலும் போதும் என்பது எங்கள் கணிப்பு. ட்ரூ பீக் -1 டெசிபலைத் தாண்டக் கூடாது. சாதாரண பீக் மீட்டரில் -0.1 என்று பத்திரமாகத் தெரியும் கோப்பு, ஏஏசி அல்லது எம்பி3 ஆக மாறும்போது சாம்பிள்களுக்கு இடையிலான உச்சங்கள் பூஜ்யத்தைத் தாண்டிக் கரகரக்கும்.

கரோக்கி டிராக்கின் மேல் பாடியிருந்தால் யூலீன் இன்னும் ஒரு வேலை செய்யும். அந்த டிராக் ஏற்கெனவே மாஸ்டர் ஆன கோப்பு. உச்சங்கள் பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், குரலுக்கு இடமே இருக்காது. முதல் வேலையாக அதை 6 முதல் 8 டெசிபல் இறக்க வேண்டும். பிறகு குரல் தடங்கள் எல்லாம் சேரும் குரல் பஸ்ஸில் ஒரு யூலீன், கரோக்கி டிராக்கில் இன்னொரு யூலீன். சரணத்திலும் பல்லவியிலும் இரண்டின் ஷார்ட் டெர்ம் எண்களையும் பார்த்து வித்தியாசத்தை எழுதிக்கொள்ளலாம். குரல் இத்தனை கீழே இருக்க வேண்டும் என்று நிலையான எண் எதுவும் கிடையாது. பார்க்க வேண்டியது, அந்த வித்தியாசம் பகுதிக்குப் பகுதி எவ்வளவு மாறுகிறது என்பதை. சரணத்தில் குரல் 2 எல்யூ (ஒரு எல்யூ என்பது ஒரு டெசிபல்) கீழே இருந்து பல்லவியில் 6 எல்யூ கீழே போனால், இசைக்கருவிகள் கூடிய இடத்தில் குரல் மூழ்கியிருக்கிறது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரசரை இன்னும் இறுக்குவதால் இது தீராது. பல்லவி முழுவதும் குரலின் ஃபேடரை (அளவை ஏற்றி இறக்கும் பிடி), தானாக நகரவைக்கும் ஆட்டோமேஷனில் 2 டெசிபல் ஏற்றிப் பார்ப்பதே நேர்வழி.

அடுத்தது ஸ்பேன். நிறுவியபடியே பயன்படுத்தினால் இது ஏமாற்றும். அமைப்புகளில் பிளாக் சைஸை, அதாவது ஒரே தடவையில் அலசும் சாம்பிள்களின் எண்ணிக்கையை, 8192 ஆக மாற்ற வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 2048 என்றால் ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 21.5 ஹெர்ட்ஸ் அகலம். பேஸின் 50 ஹெர்ட்ஸும் கிக் டிரம்மின் 65 ஹெர்ட்ஸும் ஒரே மேடாகத் தெரியும். 8192-இல் அது 5.4 ஹெர்ட்ஸாகச் சுருங்கி இரண்டும் பிரிந்து நிற்கும். ஸ்லோப் 4.5 டெசிபலில் இருப்பது நல்லதே. ஆக்டேவுக்கு இத்தனை டெசிபல் என்று கோட்டைச் சாய்த்துக் காட்டுவதால், ஓரளவு சமநிலையான பாட்டு திரையில் கிடைமட்டமாகத் தெரியும். ஏற்ற இறக்கம் கண்ணுக்குச் சட்டென்று படும்.

ஸ்பேனில் எங்களுக்கு மிகவும் பிடித்தது வரைபடம் அல்ல. கன்ட்ரோல் விசையை (மேக்கில் கமாண்ட்) அழுத்தியபடி வரைபடத்தில் ஓர் இடத்தைக் கிளிக் செய்தால் அந்த அலைவரிசைப் பட்டை மட்டும் தனியாக ஒலிக்கும். சுட்டியை 300-க்கும் 500 ஹெர்ட்ஸுக்கும் இடையில் மெல்ல நகர்த்தினால், சின்ன அறையில் பாடிய குரலின் டப்பாச் சத்தம் எந்த இடத்தில் குவிந்திருக்கிறது என்று காதுக்கே தெரியும். 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை தேடினால் 'ச', 'ஸ' சீறும் இடம் அகப்படும். சீறலைக் குறைக்கும் டீ-எஸ்ஸரை அங்கே வைத்தால் போதும். ஈக்யூவை (அலைவரிசை வாரியாக அளவை மாற்றும் கருவி) ஏற்றி ஏற்றித் தேடும் பழைய வழியில் எந்த இடத்தை ஏற்றினாலும் அசிங்கமாகத்தான் கேட்கும். இதில் அந்தக் குழப்பம் குறைவு.

கரோக்கி டிராக்கின் தரத்தையும் ஸ்பேன் ஒளிக்காமல் சொல்லிவிடும். 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கோடு செங்குத்தாக விழுந்தால், வாவ் கோப்பு என்று பெயர் இருந்தாலும் அது ஒரு காலத்தில் 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக இருந்திருக்கும். அதன் மேல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை காற்றோட்டமாக ஒலிக்கும் குரலை வைத்தால் இரண்டும் வெவ்வேறு உலகில் நிற்கும். வேறு டிராக் தேடலாம். கிடைக்காவிட்டால் குரலின் உச்சப் பகுதிக்கு ஏற்றம் கொடுக்காமல் விடலாம்.

ஸ்பேனின் கீழ்ப் பகுதியில், இடது வலது ஒலிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டரைப் பலர் கவனிப்பதே இல்லை. குரலை அகலப்படுத்த ஒரே பதிவை நகலெடுத்து, 15 மில்லிசெகண்ட் தள்ளி, இடமும் வலமுமாக வைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. ஹெட்ஃபோனில் அழகாக இருக்கும். ஒற்றை ஸ்பீக்கர் போனில் இரண்டும் சேரும்போது 33 ஹெர்ட்ஸில் தொடங்கி சுமார் 67 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாகக் குரலில் பள்ளங்கள் விழும். குரல் தகரக் குழாய்க்குள் போனதுபோல் ஆகும். குரல் பஸ்ஸை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டு, கோரிலேஷன் முள் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ அலைந்தால் இந்த உத்தியை எடுத்துவிட வேண்டும். இரண்டாம் முறை புதிதாகப் பாடிப் பதிவு செய்து தாழ்ந்த அளவில் சேர்ப்பதே சரியான வழி.

இனி மூலப் பாட்டோடு ஒப்பிடுவது. மூலத்தைத் தனி டிராக்கில் இறக்கி, உங்கள் மாஸ்டர் பஸ்ஸின் ஈக்யூ, லிமிட்டர் எதுவும் அதைத் தொடாதபடி நேராக அவுட்புட்டுக்கு அனுப்ப வேண்டும். இரண்டையும் யூலீனில் அளக்க வேண்டும். மூலம் -8.5, உங்களுடையது -15 என்றால் மூலத்தின் ஃபேடரை 6.5 டெசிபல் இறக்க வேண்டும். சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் சத்தமானதே நல்லதாகக் கேட்கும். பின்னால் எடுக்கும் எல்லா முடிவும் கோணலாகிவிடும்.

ஸ்பேன் சரியாகச் சொல்ல, பார்ப்பவர் தவறாகப் படிக்கும் இடமும் இதுதான். இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படியும்வரை ஈக்யூவைத் திருகுகிறார்கள். கவர் பாட்டில் அப்படிப் படியவே கூடாத காரணங்கள் உண்டு. பாடுபவருக்கு ஏற்ப சுருதியை மூன்று அரைச் சுரம் ஏற்றியிருந்தால், 55 ஹெர்ட்ஸில் இருந்த பேஸ் 65 ஹெர்ட்ஸுக்குப் போயிருக்கும். ஆண் பாடியதைப் பெண் பாடினால் குரலின் அடித்தளம் முழுவதுமே மேலே நகரும். 55-இல் பள்ளம் தெரிகிறதே என்று அங்கே ஏற்றினால் வெறும் உறுமலைத்தான் ஏற்றியிருப்பீர்கள். 200 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை பொதுவான சாய்வு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

மிக்ஸை ஏற்றியதும் மதிப்பெண் போட்டு அறிக்கை தரும் தானியங்கிச் சேவைகளும் இருக்கின்றன. நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பெரும்பாலும் இதே எண்களை வாக்கியங்களாக்கித் தருகிறார்கள். குரல் பஸ் தனியாக அங்கே போவதில்லை என்பதால், குரலும் இசையும் சரியான அளவில் இருக்கின்றனவா என்ற கவர் மிக்ஸின் முக்கியக் கேள்விக்கு மேலே சொன்ன இரண்டு யூலீன் சோதனை அளவுக்குக்கூடப் பதில் கிடைக்காது.

மீட்டர்கள் சொல்ல முடியாதது ஒன்று உண்டு: குரல் இசையோடு ஒட்டுகிறதா என்பது. இங்கேதான் மனிதக் காது வேண்டும், அதுவும் பாட்டே தெரியாத ஒருவரின் காது. அவரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டாம். ஒரு சரணத்தை ஒருமுறை ஒலிக்கவிட்டு, காதில் விழுந்த வார்த்தைகளை எழுதச் சொல்லுங்கள். விட்டுப்போன வார்த்தைகள் எந்த நொடியில் வருகின்றன என்று பாருங்கள். சொல்லின் கடைசி மெய்யெழுத்து மட்டும் தொலைந்தால் ரிவெர்ப் (அறை முழக்கம்) அதிகம், அல்லது கம்ப்ரசரின் ரிலீஸ் (அழுத்திய ஒலியை விடுவிப்பது) மெதுவாக இருக்கிறது. ஒரு வரி முழுவதும் தொலைந்தால் அளவுதான் பிரச்சினை. அல்லது 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை ஏதோ ஒரு கருவி குரலை மறைக்கிறது. கரோக்கி டிராக்கில் டைனமிக் ஈக்யூ போட்டு, குரல் வரும்போது மட்டும் அந்தப் பகுதி 2 டெசிபல் தாழும்படி குரலைச் சைட்செயினாக (கருவியை இயக்கும் சைகையாக) இணைக்கலாம்.

அனுபவசாலியிடம் கேட்பதானால் இரண்டு கோப்புகள் அனுப்புங்கள்: இப்போதுள்ள மிக்ஸ் ஒன்று, குரலை மட்டும் 1.5 டெசிபல் ஏற்றியது ஒன்று. இரண்டும் ஒரே எல்யூஎஃப்எஸ் அளவில் இருக்க வேண்டும். எது எது என்று சொல்லாமல் ஏ, பி என்று பெயரிடுங்கள். 'குரல் போதுமா?' என்ற கேள்விக்கு மழுப்பலான பதில் வரும், 'ஏ-யா பி-யா?' என்பதற்கு மழுப்ப முடியாது.

"குரல் தனியா நிக்குது" என்று பதில் வந்தால் உடனே ரிவெர்ப்பைக் கூட்டாதீர்கள். முதலில் நேரத்தைச் சோதிக்க வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் தன் தாமதத்தைத் தவறாகச் சொன்னால் பதிவான குரல் முழுவதும் சில மில்லிசெகண்ட் பின்னால் விழுந்திருக்கும். எத்தனை ரிவெர்ப் போட்டாலும் ஒட்டாது. ஹெட்ஃபோனை மைக்கில் ஒட்டிவைத்து மெட்ரோனோம் கிளிக்கைப் பதிவு செய்து பாருங்கள். மூலக் கிளிக்குக்கும் பதிவான கிளிக்குக்கும் இடையில் எத்தனை சாம்பிள் இடைவெளி என்று எண்ணி, ஒலிப்பதிவு மென்பொருளின் ரெக்கார்டிங் ஆஃப்செட்டில் அதைக் கொடுக்க வேண்டும். பழைய பதிவுகளையும் அதே அளவு முன்னால் இழுக்கலாம். அடுத்தது டப்பாச் சத்தம்: ஸ்பேனில் பிடித்த இடத்தில் 2, 3 டெசிபல் குறைக்க வேண்டும். இந்த இரண்டும் முடிந்த பிறகே ரிவெர்ப். ஒன்றரை நொடி அளவுள்ள பிளேட் வகை ரிவெர்ப், அது தொடங்கும் முன் 20 முதல் 40 மில்லிசெகண்ட் ப்ரீடிலே (இடைவெளி), ரிவெர்ப் திரும்பும் தடத்தில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. ப்ரீடிலே இல்லாவிட்டால் சொல்லின் தொடக்கத்தையே ரிவெர்ப் விழுங்கிவிடும்.

கருத்துப்படி குரலை ஏற்றியதும் லிமிட்டர் கூடுதலாக வேலை செய்யத் தொடங்கும். ட்ரூ பீக்கும் மாறும். மாற்றம் சின்னதாகத் தெரிந்தாலும் யூலீனை ரீசெட் செய்து முழுப் பாட்டையும் இன்னொரு முறை ஓட்டிவிட்டே கோப்பை வெளியே எடுக்க வேண்டும்.