தாளம், திரை, அடவு: ஒன்பது ஆண்டுக் குறுக்கெழுத்து அனுபவம்

தருமபுரியில் குடியிருந்து கிருஷ்ணகிரிக்கு வேலைக்குச் சென்றுவரும் நான், ஒன்பது ஆண்டுகளாகப் பேருந்துப் பயணத்தில் தமிழ்க் குறுக்கெழுத்துகளை நிரப்பி வருகிறேன். வார இதழ்களில் பென்சிலோடு தொடங்கிய இப்பழக்கம், கடந்த நான்கு ஆண்டுகளாகக் கைபேசிச் செயலியிலும் தொடர்கிறது. ஆறு, ஊர், உறவுமுறை பற்றிய குறிப்புகள் காரிமங்கலம் வருவதற்குள் முடிந்துவிடும். இசையையும் மேடைக் காட்சியையும் ஆட்ட அசைவையும் கேட்பவைதாம் காவேரிப்பட்டணம் தாண்டியும் கட்டங்களைக் காலியாக வைத்திருக்கும். எனக்குப் பிடித்தவையும் அவையே.

ஒருமுறை ‘தாளத்தில் ஐந்து வகை (2)’ என்று ஒரு குறிப்பு வந்தது. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் ஆகிய ஐந்தும் 3, 4, 5, 7, 9 என்ற எண்ணிக்கையில் அமைபவை. அவ்வெண்ணிக்கை லகுவுக்கு, அதாவது ஒரு தட்டும் விரல் எண்ணிக்கையுமாக அமையும் தாள உறுப்புக்கு, உரியதானால் ஜாதி. ஒரு தட்டுக்குள் அடங்கும் பகுப்புக்கு உரியதானால் நடை அல்லது கதி. மூன்றுமே இரண்டு கட்டச் சொற்கள் என்பதால், குறுக்கே வரும் எழுத்து கிடைக்கும்வரை எதையும் எழுத இயலாது. ‘தாளத்தில் ஐந்து, வீட்டில் வாசலை அடுத்து’ என்று கேட்டிருந்தால் நடை ஒன்றே பொருந்தும். குறிப்பு எழுதுவோர் இந்த ஒரு படியை எடுத்து வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மேளகர்த்தா எனப்படும் தாய் இராகங்களின் வரிசை எண்ணைக் கொடுத்து இராகத்தைக் கேட்டால், பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை எண்களாக்கித் திருப்பிப் படிக்கும் கடபயாதி முறை துணைசெய்யும். ம என்பது 5, ய என்பது 1, திருப்பினால் 15, ஆகவே மாயாமாளவகௌளை. ஆனால் ஒலிப்பு வேறுபடும் வர்க்க எழுத்துகள் வடமொழியில்போல் தமிழில் தனித்தனியே இல்லாததால், த என்ற எழுத்து 6 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம்; தீரசங்கராபரணத்தின் ‘தீ’ ஒன்பது, ‘ர’ இரண்டு என்று தெரிந்திருந்தால்தான் 29 கிடைக்கும்.

படித்தறிந்ததைக் காட்டிலும் பார்த்தறிந்ததே உதவிய நாள்களும் உண்டு. ‘இரட்டையாகக் கட்டிய தோற்கருவி (3)’ என்பதற்குத் தபேலா என்று எழுதி, குறுக்குச் சொற்கள் பொருந்தாமல் இரண்டு நாள் தவித்தேன். எங்கள் பக்கத்து மாரியம்மன் திருவிழாவில் ஆண்டுதோறும் கேட்கும் பம்பை அப்போது நினைவுக்கு வராததை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

செயலியில் ஒரு குறை உண்டு. தவறான எழுத்து உடனே சிவப்பாக மாறிவிடுவதால், ‘ஆட்டத்தின் அடிப்படை அசைவு’ என்பதற்கு அடவு, முத்திரை என்னும் இரண்டையும் மனத்தில் நிறுத்திக் கட்டங்களை எண்ணிப் பார்க்கும் பொறுமை குறைகிறது. யோசிப்பதற்குப் பதிலாகச் சிவப்பு மறையும்வரை விரல் எழுத்துகளை மாற்றிக்கொண்டே போகிறது. ஆகவே இவ்வகைக் குறிப்புகள் மிகுந்த புதிர்களை நான் தாளில் மட்டுமே நிரப்புகிறேன்.

அப்படித் தாளில் நிரப்பியவற்றுள் என்னை மிகவும் மகிழ்வித்தது ‘அரங்கில் மூவகை, தகடூர் இளவரசன் பெயரின் இறுதி (3)’ என்பது. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி என்பதைப் பள்ளியிலேயே படித்திருந்ததால் எழினி என்று எழுதிவிட்டேன். அரங்கம் ஏன் வந்தது என்பது மட்டும் விளங்கவில்லை. அன்றிரவு சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டியபோது, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகளும் வரிசையாக நின்றன.