தீங்கற்ற கட்டியும் புற்றுநோய்க் கட்டியும்

உயிரணுப் பிரிவைத் தூண்டும் மரபணுக்களும் தடுக்கும் மரபணுக்களும் பழுதடையும்போது அணுக்கள் தேவையின்றிப் பெருகித் திரள்கின்றன. இருவகைக் கட்டிகளுக்கும் தொடக்கம் இதுவே. தீங்கற்ற கட்டி பெரும்பாலும் மெதுவாக வளர்ந்து தன் எல்லைக்குள் நிற்கும். முழுமையாக அகற்றினால் பொதுவாகத் திரும்புவதில்லை.

புற்றுநோய்க் கட்டியோ அருகிலுள்ள திசுக்களை ஊடுருவி, தனக்கென இரத்த நாளங்களை வளரச்செய்துகொள்கிறது. அதிலிருந்து பிரியும் அணுக்கள் இரத்தம், நிணநீர் வழியே சென்று நுரையீரல், கல்லீரல், எலும்பு போன்ற தொலைவிலுள்ள உறுப்புகளில் புதிய கட்டிகளை உருவாக்குகின்றன. புற்றுநோய் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பரவலே காரணம். உயிரணுப் பிரிவை நிறுத்திவைக்கும் டிபி53 மரபணு, மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பழுதுற்றிருக்கிறது.

ஆயினும் தீங்கற்ற கட்டியை அலட்சியப்படுத்துவது சரியன்று: மண்டையோட்டுக்குள் வளர்ந்தால் அது மூளையை அழுத்தி உயிரையே பறிக்கக்கூடும், பெருங்குடலில் தோன்றும் சிலவகைத் திசு வளர்ச்சிகள் (பாலிப்) பல ஆண்டுகளில் புற்றாக மாறுவதுமுண்டு. தோற்றத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல இயலாது. திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வதே உறுதியான வழி.