வாயுவா, மாரடைப்பா? ஏற்காட்டு ராத்திரியில் நாலு வழி

போன தை மாதம், மிளகு பறிப்பு ஓடிக்கொண்டிருந்த சமயம். சனிக்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு நடு நெஞ்சில் ஒரு கனம். வலி என்றுகூடச் சொல்ல மாட்டேன். அரை மூட்டை காப்பிக்கொட்டையை யாரோ மேலே இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மதியம் பங்காளி வீட்டில் கறிச்சோறு, சாயங்காலம் கடையில் இரண்டு மிளகாய் பஜ்ஜி. எஸ்டேட்டில் ரைட்டர் வேலை எனக்கு. வயது 54, சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். "வாயுதான், ஓமவாட்டர் எடு" என்றேன். வீட்டுக்காரி பாட்டிலை எடுக்கப் போனவள் திரும்பி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தக் குளிர்ல உங்களுக்கு ஏங்க வேர்க்குது?"

அப்போது எங்கள் முன் இருந்தது நாலு வழி. ஓமவாட்டர் குடித்துவிட்டு விடியும்வரை பார்ப்பது. தெரிந்த கிளினிக் டாக்டரை எழுப்புவது. அக்கா மகனின் காரில் நேராகச் சேலத்துக்கு இறங்குவது. பக்கத்து அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் 108-ல் இறங்குவது. நாங்கள் கடைசி வழியில் போனோம். இன்றைக்கும் அதற்குத்தான் என் ஓட்டு.

முதல் வழியைக் கேலி செய்ய மாட்டேன். நெஞ்சுவலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதயத்தில் கோளாறு இருப்பதில்லை. 'இங்கேதான்' என்று ஒற்றை விரலால் காட்ட முடிகிற வலி, அழுத்தினால் கூடுகிற வலி, புரண்டு படுத்தால் பிடிக்கிற வலி, ஓரிரண்டு விநாடி சுருக்கென்று குத்திவிட்டு மறைகிற வலி, இதெல்லாம் பெரும்பாலும் தசையோ விலா எலும்பு மூட்டோ செய்கிற வேலை. சாப்பிட்டுப் படுத்ததும் எரிச்சல் தொண்டைவரை ஏறி, எழுந்து உட்கார்ந்தால் தணிந்தால் அது நெஞ்செரிச்சல்தான் என்று ஓரளவு நம்பலாம். மாறாக, உள்ளங்கையை விரித்து நெஞ்சின் நடுவில் வைத்துக் காட்டுகிற அழுத்தம், இடது கை, தாடை, முதுகு என்று பரவுவது, வேர்வை, மூச்சு வாங்கல், குமட்டல், பதினைந்து நிமிஷம் ஆகியும் விடாதது, இவற்றில் ஏதாவது இருந்தால் ஓமவாட்டர் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

குத்தல் வலி என்றாலே பயமில்லை என்று எழுதிவிடவும் முடியாது. திடீரென்று முதுகைக் கிழிக்கிற வலி பெரிய ரத்தக்குழாய் கிழிந்ததாக இருக்கலாம். காலில் வீக்கமும் மூச்சுத்திணறலும் சேர்ந்து குத்தினால் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம்.

இப்படி இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதுவது சுலபம். நடு ராத்திரியில் நம் நெஞ்சை வைத்துப் பிரிப்பதுதான் நடக்காது. இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் அடைப்பு வந்தால் மேல்வயிற்றில் வலிக்கும், வாந்தி வரும். அச்சு அசல் அஜீரணம் போலவே இருக்கும். பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்களுக்கும் வலியே பெரிதாகத் தெரியாமல் வெறும் அசதியும் மூச்சிரைப்புமாக வந்துவிட்டுப் போவதும் உண்டு. ஏப்பம் விட்டதும் லேசானது, அமிலத்தைத் தணிக்கிற ஜெல் மருந்து குடித்ததும் குறைந்தது என்பதை டாக்டர்கள் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

என் மச்சான் கதை இதுதான். அம்மாப்பேட்டையில் நாலு தறி போட்டிருந்தார். நாலு வருஷம் முன்பு விடிகாலை நாலு மணிக்கு மேல்வயிறு பிடித்தது. எலுமிச்சை சோடா, இஞ்சிச் சாறு, அப்புறம் தெருமுனையில் ஒரு கிளினிக். அங்கே நாடி பார்த்தார்கள், கேஸுக்கு ஒரு ஊசி போட்டார்கள், ஈசிஜி எடுக்கவில்லை. அவர் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. உயிர் தப்பியது. ஆனால் எக்கோ ஸ்கேன் பார்த்துவிட்டு 'பம்பிங் 35 சதவீதம்' என்றார்கள், அதாவது ரத்தத்தை வெளியே தள்ளுகிற சக்தி குறைந்துபோன இதயம். இன்றைக்கு மாடிப்படியில் ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே ஏறுகிறார். தறிகளை விற்றாயிற்று.

அந்த ஏழு மணி நேரத்தைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும். ஏனென்றால் நாலு வழியில் எது சரி என்பதை முடிவு செய்வது ஒரே கணக்கு: வலி ஆரம்பித்ததிலிருந்து முதல் ஈசிஜி தாள் வெளியே வரும்வரை எத்தனை நிமிஷம்? மாரடைப்பு என்பது இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று கட்டியால் அடைபடுவது. அடைப்பு திறக்கும்வரை தசை செத்துக்கொண்டே இருக்கும். செத்த தசை திரும்ப வளராது. முழு அடைப்பு என்று ஈசிஜி காட்டினால் இரண்டு வைத்தியம்: கட்டியைக் கரைக்கும் ஊசி, அல்லது ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது ரத்தக்குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பைத் திறப்பது. ஆஞ்சியோ வசதி உள்ள இடத்துக்குள் நுழைந்து 90 நிமிஷத்துக்குள் பலூன் வைத்துத் திறக்க வேண்டும் என்பது கணக்கு. இரண்டு மணி நேரத்துக்குள் அதற்கு வழியில்லை என்றால் ஊசியை முதலில் போட்டு அனுப்புவார்கள். அந்த ஊசி 12 மணி நேரம்வரை போடலாம் என்றாலும், முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் செய்கிற வேலையை அப்புறம் செய்யாது. இதில் எதை ஆரம்பிக்கவும் முதலில் அந்தத் தாள் வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் வந்து பத்து நிமிஷத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம்.

இந்தக் கணக்கில் கிளினிக் சீக்கிரம் விழுந்துவிடுகிறது. ஈசிஜி மெஷினும் அதைப் படிக்க ஆளும் இருந்தால் சரி, இல்லாவிட்டால் அது வழியில் ஒரு தாமதம். போன் பண்ணும்போதே கேட்டுவிடலாம்.

காரில் நேராகச் சேலம் போவதுதான் என்னை அதிகம் இழுத்த வழி. மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை ஒரு மணி நேரம் என்பது பகல் கணக்கு. ராத்திரியில் இருபது கொண்டை ஊசி வளைவு. தை மாதப் பனியில் முன்னால் போகிற வண்டியின் பின் விளக்கு மட்டும்தான் தெரியும். எந்தத் திருப்பத்தில் காட்டெருமை குறுக்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து பாதையே நின்றுபோனது. இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் காரில் இருப்பவர் என்ன செய்வார்? 108-ல் ஆக்சிஜன் இருக்கும், அதிர்ச்சி கொடுக்கும் கருவி இருக்கலாம், பழகிய ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தானே ஓட்டிக்கொண்டு இறங்குகிறேன் என்று கிளம்புவது மட்டும் கூடவே கூடாது. பதினோராவது வளைவில் மயங்கினால் எதிரே வருகிறவருக்கும் சேர்த்து ஆபத்து. சேலம் டவுனுக்குள்ளேயே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷத்தில் இருப்பவருக்கு இந்த வாதம் அவ்வளவாகப் பொருந்தாது. அவர் கிடைத்த வண்டியில் ஏறலாம், ஓட்டுவது வேறு ஆளாக இருந்தால் போதும்.

நாங்கள் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஐந்து. நர்ஸம்மா சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சில் ஜெல்லைத் தடவிக் கிண்ணங்களை ஒட்டினார். ஏற்காட்டுத் தை மாத ஜெல், ஐஸ்தான். தாள் நார்மலாக வந்தது. நான் உடனே எழுந்து பட்டன் போட ஆரம்பித்தேன். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், என் மகன் வயதுதான் இருக்கும். "படுங்க சார். ஒரு ஈசிஜி நார்மல்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம் இல்லை" என்றார். அரை மணி கழித்து இன்னொன்று எடுத்தார். அதிலும் மாற்றமில்லை. ஆனாலும் சர்க்கரை, வேர்வை, வயது மூன்றையும் கூட்டிப் பார்த்து 108-ஐ வரவழைத்துக் கீழே அனுப்பிவிட்டார். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற ட்ரோபோனின் என்ற புரதம் மூன்று நாலு மணி நேரம் கழித்துத்தான் தெளிவாக ஏறும் என்பதால் சேலத்தில் அதை இரண்டு தடவை பார்த்தார்கள். விடியும்போது முடிவு வந்தது: நெஞ்செரிச்சல்.

ஆமாம், ஓமவாட்டரே போதுமாக இருந்திருக்கும். பங்காளிகள் இன்னும் பஜ்ஜியைக் காட்டிச் சிரிக்கிறார்கள். ஒரு ராத்திரித் தூக்கமும் திரும்பி வருகிற கார் செலவும்தான் எனக்கு ஆன நஷ்டம். மச்சானுக்கு ஆனது நாலு தறி.

108-ல் நான் போனது அந்த ஒரு தடவைதான், அதுவும் மழையில்லாத, பாதை காலியாக இருந்த ராத்திரி. நாகலூர், வெள்ளக்கடை மாதிரி மலைக்கிராமங்களில் இருப்பவர்களுக்கு வண்டி வந்து சேரும் நேரம் வேறாக இருக்கும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுத்துத்தான் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். வீட்டிலேயே ஆஸ்பிரின் மெல்லலாமா என்றால், 108-ல் பேசுகிறவரிடம் கேட்டுவிட்டு மெல்லுங்கள். அலர்ஜி, வயிற்றுப்புண், ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கும் முதுகைக் கிழிக்கிற வலிக்கும் அது ஆகாது. நெஞ்சுவலிக்காகப் பக்கத்து வீட்டுத் தாத்தா நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். வேகமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை அழித்துவிடுங்கள்.

இன்னொரு வகை வலி உண்டு. ஏரிப் பக்கமிருந்து மேடு ஏறும்போது நெஞ்சை இறுக்கி, நின்றால் ஐந்து நிமிஷத்தில் விட்டுவிடும். ராத்திரியில் ஆளை எழுப்ப வைக்காது என்பதால் இங்கே பலர் அதை மலை மேட்டின் தலையில் போட்டுவிடுகிறார்கள். அது அடுத்த நாளே டாக்டரிடம் போக வேண்டிய வலி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வர ஆரம்பித்துவிட்டால் அடுத்த நாள்கூடக் கிடையாது, உடனே.

அந்த ராத்திரி எடுத்த ஈசிஜி தாளைப் பத்திரப்படுத்தச் சொன்னார் சேலத்து டாக்டர். அடுத்த தடவை வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவுமாம். சூட்டில் அச்சாகிற தாள் என்பதால் நாளாக நாளாக எழுத்து மங்கிவிடும். ஒண்டிக்கடைப் பக்கம் போய் இரண்டு ஜெராக்ஸ் எடுத்தேன். ஒன்று ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரில். இன்னொன்றை அக்கா மகன் காரின் டேஷ்போர்டில் வீட்டுக்காரியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.